சத்தம் கூடினால் நாதம் ஆகாது



பெக்கோக் ஒரு சின்ன ஊர். ஜொகூர் மாநிலத்தில் சிகாமாட் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒரு ரயில் நிலையம், சில வரிசைக் கடைகள், சுற்றிலும் செம்பனையும் ரப்பரும். அதற்கும் அப்பால் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் காடு. பூங்காவின் செலாய் நுழைவாயிலுக்குப் போகிறவர்களும், சுங்கை பந்தாங் நீர்வீழ்ச்சிக்குக் குடும்பத்தோடு குளிக்க வருகிறவர்களும் இந்த ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொண்டுதான் வருவார்கள். இப்படிப்பட்ட ஊரில் இரவு பத்து மணிக்கு மேல் என்ன சத்தம் கேட்கும்? தவளை கத்தும். மழை பெய்யும். எப்போதாவது ரயில் போகும். அவ்வளவுதான்.

அந்த அமைதியில் நள்ளிரவு 12 மணிக்கு ஒரு கார் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண கார் அல்ல. ஆறு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் கார். அதன் சைலன்சர் கழற்றப்பட்டிருக்கிறது. ஊர்க் கோடியில் திரும்பும்போதே இந்தக் கோடியில் நாய்கள் குரைக்கின்றன. தூளியில் தூங்கிய குழந்தை வீறிட்டு அழுகிறது. விடியுமுன் பால்மரம் வெட்டப் போக வேண்டிய அம்மா எழுந்து உட்காருகிறார். மறுநாள் எஸ்பிஎம் தேர்வு எழுத வேண்டிய மாணவி காதைப் பொத்திக்கொள்கிறாள்.

காரை ஓட்டி வந்த தம்பி யார்? வெளியூர் ரவுடியா? இல்லை. தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, சிங்கப்பூரில் இரவு பகல் பார்க்காமல் உழைத்து, சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்து, பழைய நிசான் ஃபேர்லேடி இசட் ஒன்றை வாங்கியவர். வாரக் கடைசியில் வீட்டுக்கு வருகிறார். கார் வாசலில் நின்றதும் பாட்டி கதவைத் திறந்து கேட்கிறார்:

"ஏய்யா, காரு ஒடஞ்சிருச்சா?"

சிரிப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் அந்தப் பாட்டி சொன்னதுதான் உண்மை. கார் உடைந்துதான் போயிருக்கிறது. ஆயிரக்கணக்கான வெள்ளி செலவழித்து அந்தத் தம்பியே அதை உடைத்திருக்கிறார். இன்றைய பேச்சு இதைப் பற்றித்தான். ஸ்போர்ட்ஸ் காரின் ஓசையை அழகாக்க ஆசைப்படுவது தவறா? இல்லை, தவறே இல்லை. அழகாக்குவது எது, உடைப்பது எது என்று தெரியாமல் இருப்பதுதான் தவறு.

ஓசை எங்கே பிறக்கிறது?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எக்ஸாஸ்ட் ஓசை புகைக் குழாயின் கடைசியில் பிறப்பதில்லை. அது எஞ்சினுக்குள் பிறக்கிறது. குழாய் அதைச் சுமந்து வருகிறது. வழியில் சிலவற்றை வடிகட்டுகிறது, சிலவற்றை வளர்க்கிறது. நாதஸ்வரத்தில் சீவாளி கெட்டுப்போனால் எவ்வளவு பெரிய குழல் இருந்தாலும் நாதம் வராது. காரும் அப்படித்தான்.

இன்றைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை நான்கு வீச்சு எஞ்சின் கொண்டவை. ஒவ்வொரு சிலிண்டரும் எஞ்சின் இரண்டு சுற்று சுற்றும்போது ஒரு முறை வெடிக்கிறது. ஆறு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடினால் நொடிக்கு 100 சுற்று. அதாவது நொடிக்கு 300 வெடிப்பு. அதே வேகத்தில் நான்கு சிலிண்டர் எஞ்சின் நொடிக்கு 200 வெடிப்புத்தான் தரும். நொடிக்கு 300 அதிர்வு என்பது ஆர்மோனியம் வாசிப்பவர்கள் 2 கட்டை என்று சொல்லும் சுரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஆக, ஆறு சிலிண்டர் கார் பாடுகிறது என்று ரசிகர்கள் சொல்வது வெறும் வர்ணனை இல்லை. அது உண்மையிலேயே ஒரு சுரத்தில் ஒலிக்கிறது.

ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். நிசான் ஸ்கைலைன் ஜிடிஆர் ஆர்32, 1993-ல் வந்த டொயோட்டா சுப்ரா, பிஎம்டபிள்யூ எம்3-யின் இ46 மாடல் இவையெல்லாம் அந்த வகை. நம் நாட்டு இளைஞர்கள் டிரிப்ட் ஓட்டுவதற்காகத் தேடித் தேடி வாங்கிய பழைய நிசான் செபிரோ ஏ31 காரிலும் இந்த வகை எஞ்சின்தான். இவற்றில் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1, 5, 3, 6, 2, 4. கவனித்துப் பாருங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று மாறி மாறி வருகிறது. முன் மூன்றுக்கு ஒரு குழாய், பின் மூன்றுக்கு ஒரு குழாய் என்று பிரித்து, பிறகு இரண்டையும் சம நீளத்தில் ஒன்றாகச் சேர்த்தால், ஆறு துடிப்பும் சம இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். தாளம் தப்பாத உருமி மேளம் போல. அந்த இனிமைக்கு இதுதான் காரணம்.

தம்பியின் ஃபேர்லேடி இசட் வேறு வகை. 350 இசட் என்று உலகம் அழைக்கும் அந்தக் கார் 2002-ல் வந்தது. 3.5 லிட்டர் வி6 எஞ்சின். மூன்று சிலிண்டர் ஒரு பக்கம், மூன்று சிலிண்டர் மறு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒரு குழாய் வருகிறது. தொழிற்சாலையில் அந்த இரண்டையும் ஆங்கில ஒய் எழுத்து வடிவக் குழாயில் ஒன்றாகச் சேர்த்து, பின்னால் இருக்கும் சைலன்சருக்கு அனுப்புகிறார்கள். ஏன் சேர்க்கிறார்கள்? காசை மிச்சப்படுத்த மட்டுமல்ல. சேர்த்தால்தான் அது ஆறு சிலிண்டர் எஞ்சினாக ஒலிக்கும். கடைசி வரை இரண்டு குழாயையும் தனித்தனியாக விட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு குழாயிலும் மூன்று சிலிண்டரின் ஓசைதான் வரும். இரண்டு சின்ன மூன்று சிலிண்டர் கார்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவது போல் இருக்கும். மேல் வேகத்தில் தகரத்தை ரம்பத்தால் அறுப்பது போன்ற கரகரப்பு எழும். இந்தக் கரகரப்புக்கு இந்த வகை எஞ்சின் உலகெங்கும் பெயர் வாங்கியிருக்கிறது.

பட்டறையில் நடப்பது என்ன?

இப்போது பட்டறைக்குப் போவோம். அங்கே நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"அண்ணே, காரு சத்தமே வரமாட்டேங்குது. சைலன்சரத் தூக்கிட்டு ரெண்டு பக்கமும் நேரா பைப்பு போட்டுறலாமா?"

"போட்டுறலாம் தம்பி. மத்தியானத்துக்குள்ள முடிச்சிறலாம். பெரிய பைப்பா போடவா?"

"எவ்வளவு பெருசு இருக்கோ அவ்வளவு பெருசு போடுங்கண்ணே."

முடிந்தது கதை. அண்ணனுக்கு அரை நாள் கூலி. தம்பிக்குக் கெட்ட பெயர். ஊருக்குத் தூக்கம் போச்சு. எஞ்சினுக்கு லாபம் ஏதாவது உண்டா என்றால், பெரும்பாலும் அதுவும் இல்லை. தேவைக்கு மேல் அகலமான குழாயில் வாயுவின் ஓட்ட வேகம் குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சினாக இருந்தால் கீழ் வேகத்தில் இழுவை குறைய வாய்ப்பு அதிகம். கார் வேகமாகப் போவது போல் தோன்றும். தோன்றுவதற்குக் காரணம் வேகம் இல்லை, சத்தம்!

சைலன்சர் என்பது சத்தத்தை அடைத்து வைக்கும் பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு வடிகட்டி. சிலவற்றில் உள்ளே அறைகள் இருக்கும்; ஒலி அலைகள் அறைக்குள் மோதித் திரும்பி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வேறு சிலவற்றில் துளையிட்ட குழாய் நேராகப் போகும். அதைச் சுற்றி வெப்பம் தாங்கும் கண்ணாடிப் பஞ்சு அடைத்திருக்கும். வாயு தடையில்லாமல் நேராகப் போய்விடும். காதைக் குத்தும் மேல் அதிர்வுகளைப் பஞ்சு உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சினின் அடிச் சுரம் மட்டும் மிஞ்சும். ரசிகர்கள் தேடுவது இந்த அடிச் சுரத்தைத்தான். சைலன்சரைத் தூக்கி எறிகிறவர் உமியை ஊதுகிற முறத்தையும் சேர்த்து எறிகிறார். அப்புறம் அரிசி எது, உமி எது?

சரியாகச் செய்ய என்ன வழி?

காரைக் கண்டாலே திட்டும் பெரியவர்களும், திட்டு வாங்கி வாங்கிப் பழகிப்போன இளைஞர்களும் இந்தப் பகுதியைச் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டும். ஆறு சிலிண்டர் காரின் ஓசையை மேம்படுத்த முறையான வழிகள் உண்டு.

முதல் வேலை, புதிதாக எதையும் வாங்காமல் இருப்பது. பழைய காரில் கரகரப்பு வந்தால், முதலில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாய் இணையும் இடத்தில் கேஸ்கெட் எரிந்திருக்கலாம். எஞ்சினோடு ஒட்டிய மேனிபோல்டில் விரிசல் இருக்கலாம். வெப்பத் தகடு கழன்று ஆடிக்கொண்டிருக்கலாம். குழாயைத் தொங்கவிடும் ரப்பர் அறுந்திருக்கலாம். இவற்றைச் சரிசெய்தாலே பாதிக் கரகரப்பு போய்விடும் கார்கள் உண்டு. இதில் உயிர் பிரச்சினையும் இருக்கிறது. கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. காருக்குள் புகுந்தால் ஆளைக் கொல்லக்கூடியது.

இரண்டாவது, இரண்டு பக்கக் குழாய்களையும் சேர்ப்பது. தொழிற்சாலை போட்ட ஒய் குழாயை வைத்துக்கொள்ளலாம். இரண்டு தனிக் குழாய்தான் வேண்டும் என்றால் நடுவில் எக்ஸ் வடிவத்தில் ஒரு சந்திப்பு வைக்க வேண்டும். அங்கே இரு பக்கத் துடிப்பும் கலந்து, ஒன்றின் இடைவெளியை மற்றொன்று நிரப்பும். எக்ஸாக இருந்தாலும் ஒய்யாக இருந்தாலும், சந்திப்பு வரை இரண்டு குழாயும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். நீளம் மாறினால் துடிப்பு முன்பின்னாக வந்து சேரும். கரகரப்பு திரும்பி வந்துவிடும்.

மூன்றாவது, காருக்குள் கேட்கும் ரீங்காரம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது மண்டைக்குள் 'கூம்ம்' என்று ஒரு சத்தம் விடாமல் இருக்கும். கோலாலம்பூர் போய்ச் சேர்வதற்குள் தலைவலி வந்துவிடும். ஆறு சிலிண்டர் எஞ்சின் 2,400 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 120 துடிப்பு. அந்த அதிர்வும் காரின் உட்கூடும் ஒத்துப்போய்விட்டால் இந்தத் தொல்லை எழும். இதை அடக்கச் சைலன்சரைப் பெரிதாக்கத் தேவையில்லை. ஒரு முனை மூடிய பக்கக் குழாய் ஒன்றை முதன்மைக் குழாயோடு பற்றவைத்தால் போதும். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுரம் மட்டும் வரும் அல்லவா? கிட்டத்தட்ட அதே தத்துவம். பக்கக் குழாய்க்குள் போன அலை மூடிய முனையில் மோதித் திரும்பி வந்து, அந்த ஒரு சுரத்தை மட்டும் அழித்துவிடும். நீளம் எவ்வளவு? ஒலியின் வேகத்தை அதிர்வின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். சுமார் 300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 480 மீட்டர் போகும். 120-ஐ நான்கால் பெருக்கினால் 480. ஆக, சுமார் 1 மீட்டர். பக்கக் குழாயில் வாயு சற்றுக் குளிர்ந்திருக்கும் என்பதால் உண்மையில் அதைவிடக் குறைவாகவே தேவைப்படும். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிச் சரிபார்க்க வேண்டும். பள்ளியில் படித்த அறிவியலும் கணக்கும் எதற்கு உதவும் என்று கேட்கும் மாணவர்களுக்கு இதோ பதில்.

நான்காவது, நேராகப் போகும் வகைச் சைலன்சரில் நல்லதாகப் பார்த்துப் போடுவது. உள்ளே இருக்கும் பஞ்சு நாளடைவில் எரிந்து, பறந்து, குறைந்துபோகும். போட்ட புதிதில் இனிமையாக இருந்த கார் பிறகு அலறத் தொடங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பஞ்சை மாற்றிக்கொள்ள முடியும் வகையாக இருந்தால் நல்லது.

ஐந்தாவது, வால்வு. குழாய்க்குள் ஒரு தகட்டுக் கதவு. ஊருக்குள் வரும்போது மூடிக்கொள்ளும். புகை முழு சைலன்சர் வழியாகப் போகும். எஞ்சின் வேகம் கூடும்போது திறக்கும். விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் இது தொழிற்சாலையிலேயே வருகிறது. ஆனால் வால்வு என்பது சட்டத்துக்குக் கண்ணாமூச்சி காட்டும் கருவி அல்ல. திறந்திருக்கும்போதும் சத்தம் வரம்புக்குள்தான் இருக்க வேண்டும்.

செய்யவே கூடாத ஒன்று உண்டு. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அறுத்து எடுப்பது. அது இருப்பதால்தான் கார்பன் மோனாக்சைடும், எரியாத எரிபொருளும், நைட்ரஜன் ஆக்சைடுகளும் குறைகின்றன. அதை எடுத்துவிட்டுக் காரைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினால், அந்த விஷம் தம்பியின் தங்கை மூக்கில்தான் ஏறும்.

உலகப் பணக்காரர்களும் தோற்ற கதை

ஆறு சிலிண்டர் ஓசைக்காகப் பெக்கோக் தம்பி மட்டும்தான் கவலைப்பட்டாரா? இல்லை அன்பர்களே. பார்முலா ஒன் உலகமே கவலைப்பட்டது.

நம் சிப்பாங்கில் 1999 முதல் 2017 வரை மலேசிய கிராண்ட் பிரி நடந்தது. 2005-ல் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் அங்கே ஓட்டியபோது கார்களில் பத்து சிலிண்டர் எஞ்சின். 2006-ல் எட்டு சிலிண்டருக்கு மாறினார்கள். காது அடைப்பான் இல்லாமல் பந்தயம் பார்க்க முடியாத காலம் அது. 2014-ல் விதி மாறியது. 1.6 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ, அதோடு மின்சார உதவி. சுற்று வரம்பு 18,000-லிருந்து 15,000-ஆகக் குறைந்தது. அந்த ஆண்டு மார்ச் 30-ஆம் தேதி சிப்பாங்கில் லூயிஸ் ஹாமில்டன் வென்றார். ஆனால் அந்தப் பருவத்தில் ரசிகர்கள் அதிகம் பேசியது வெற்றியைப் பற்றி அல்ல. சத்தம் எங்கே போனது என்பதைப் பற்றி.

ஏன் குறைந்தது? டர்போவின் சக்கரம் புகையின் பாதையில் சுழல்கிறது. சத்தமாக வெளியேற வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதியை அது பிடுங்கி வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. மெர்சிடிஸ் குழு 2014 மே மாதம் பார்சலோனா சோதனை ஓட்டத்தில் ஒரு தந்திரம் செய்து பார்த்தது. புகைக் குழாயின் நுனியில், நாதஸ்வரத்தின் அடியில் விரிந்திருக்கும் அணைசு போல, ஓர் ஊதுகுழலைப் பொருத்தினார்கள். பார்க்க விசித்திரமாக இருந்தது. சத்தம் எதிர்பார்த்த அளவுக்குக் கூடவில்லை. திட்டம் கைவிடப்பட்டது. பிறகு 2016-ல் டர்போவைச் சுற்றிக்கொண்டு போகும் உபரிப் புகைக்குத் தனிக் குழாய் வைக்க வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். அப்போதுதான் ஓரளவு சத்தம் கூடியது.

இதில் பாடம் என்ன? கோடிக்கணக்கில் பணமும் உலகத்தின் தலைசிறந்த பொறியாளர்களும் இருந்தும், குழாயின் நுனியில் எதையாவது மாட்டி நல்ல ஓசையைப் பெற முடியவில்லை. புகை போகும் பாதையைத் திருத்திய பிறகுதான் மாற்றம் வந்தது. அவர்களுக்கே அப்படி என்றால், கடையில் வாங்கிய அகல வாய்க் குழாயை நுனியில் மாட்டிவிட்டு நாதம் வரும் என்று எதிர்பார்க்கலாமா?

சட்டமும் காதும்

சட்டம் என்ன சொல்கிறது? மலேசியாவில் மோட்டார் வாகன இரைச்சலுக்கென்றே சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1987-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. சாலைப் போக்குவரத்து இலாகாவும் போலீசும் சாலையில் நிறுத்திச் சோதிக்கலாம். "எனக்குப் பிடித்த சத்தம்" என்று அங்கே வாதாட முடியாது.

வீட்டிலேயே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். நிறுத்திய காரில் எக்ஸாஸ்ட் சத்தத்தை அளக்க அனைத்துலக முறை ஒன்று உண்டு. குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், 45 பாகை சாய்வில் ஒலிவாங்கியை வைத்து அளப்பார்கள். சுவர் இல்லாத திறந்த வெளியில் செய்ய வேண்டும். கைப்பேசிச் செயலி சட்டப்படியான அளவைத் தராது. ஆனால் மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஒரே கைப்பேசியில், ஒரே இடத்தில் அளந்தால் கூடியதா குறைந்ததா என்று தெரிந்துவிடும். ஒன்று நினைவிருக்கட்டும். டெசிபல் கணக்கு சாதாரணக் கணக்கு அல்ல. 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. 10 கூடினால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2018-ல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டியில், இரவுநேரச் சாலை இரைச்சல் சராசரி 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஏன்? இரைச்சலில் கெடுவது காது மட்டுமல்ல. தூக்கம் கெடுகிறது. தூக்கம் தொடர்ந்து கெட்டால் இரத்த அழுத்தமும் இருதயமும் கெடும்.

பட்டறைத் தொழிலாளர்களையும் மறந்துவிடக்கூடாது. 2019-ல் நடப்புக்கு வந்த நம் நாட்டு வேலையிட இரைச்சல் விதிமுறைகளின்படி, ஒருவர் ஒரு நாள் வேலையில் ஏற்கக்கூடிய சராசரி அளவு 85 டெசிபல். சைலன்சர் இல்லாத காரை முறுக்கி முறுக்கிச் சோதிக்கும் மூடிய பட்டறையில் அது எளிதில் தாண்டிப்போகும். செவி நரம்பு செத்தால் மீண்டும் முளைக்காது. ஓசையை ரசிப்பதற்காகக் கார் வாங்கிய தம்பி, நாற்பது வயதில் ஓசையே கேட்காதவராகிவிட்டால் அந்தக் காரால் என்ன பயன்?

திட்டுவதோடு முடியுமா?

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கார் மேல் பைத்தியமாக இருக்கிறான் என்று புலம்பாதீர்கள். எக்ஸாஸ்ட் ஓசையை ஒழுங்காக அமைக்க எவ்வளவு அறிவு தேவை என்று இப்போது கேட்டீர்கள். ஒலியியல் வேண்டும். வெப்பவியல் வேண்டும். கணக்கு வேண்டும். எவர்சில்வர் குழாயை ஓட்டை விழாமல் ஆர்கன் வெல்டிங் செய்யும் கைப்பக்குவம் வேண்டும். இந்த ஆர்வம் சாலையில் வீணாகப் போகிறது என்றால், அதை வகுப்பறைக்குத் திருப்பிவிட யாரும் இல்லை என்றுதான் பொருள். மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் தொழில் பயிற்சிக் கழகங்களில் வாகனத் தொழில்நுட்பமும் பற்றவைப்பும் சொல்லிக் கொடுக்கிறார்கள். மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்கேஎம், கையில் இருந்தால் பெக்கோக்கில் மட்டுமல்ல, ஜொகூர்பாருவிலும் சிங்கப்பூரிலும் அந்தக் கைக்கு வேலை உண்டு.

பட்டறை அண்ணன்களுக்கும் ஒரு வேண்டுகோள். தம்பி கேட்டதைச் செய்து கொடுப்பது வியாபாரம். தம்பிக்கு எது நல்லது என்று சொல்லிச் செய்து கொடுப்பது தொழில். "ரெண்டு பைப்பையும் சேக்காம விட்டா ரம்பம் மாதிரி சத்தம் வரும்டா" என்று ஒரு வார்த்தை சொன்னால், அந்தத் தம்பி வாழ்நாள் வாடிக்கையாளர் ஆவார்.

இளைஞர்களுக்கு? உங்கள் கார் உங்கள் உழைப்பின் அடையாளம். தோட்டத்து லயத்தில் பிறந்து, ஒரு காலத்தில் சைக்கிள் வாங்கவே வழியில்லாத வீட்டிலிருந்து வந்து, ஆறு சிலிண்டர் கார் வாங்கியிருக்கிறீர்கள். ஊர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. ஆனால் ஊர் எதற்காகத் திரும்பிப் பார்க்கிறது என்பதுதான் கேள்வி. முகம் சுளித்துத் திரும்பினால் அது பெருமையா? முழு வேகத்தையும் முழு ஓசையையும் காட்ட வேண்டுமானால் சிப்பாங் போன்ற பந்தயத் தடங்கள் இருக்கின்றன. முறையான அனுமதியோடு, தலைக்கவசத்தோடு, அங்கே ஓட்டுங்கள். ஊருக்குள் கார் ஊர்க்காரனைப் போல நடந்துகொள்ளட்டும்.

அந்தத் தம்பி மறுபடியும் பட்டறைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கசிவை அடைக்கிறார். இரண்டு குழாயையும் சம நீளத்தில் சேர்க்கிறார். பஞ்சு அடைத்த நல்ல சைலன்சரைப் பொருத்துகிறார். அடுத்த வாரமும் அதே நள்ளிரவில் ஊருக்குள் நுழைகிறார். எஞ்சின் தாழ்ந்த குரலில், சுருதி பிசகாமல் முனகுகிறது. அந்த இனிமை அவருக்குக் கேட்கிறது. பக்கத்து வீட்டுத் தூளிக்குக் கேட்கவில்லை. வாசலில் வண்டியை அணைத்துவிட்டு இறங்குகிறார். கதவு திறக்கவில்லை. காலையில் பாட்டி கேட்கிறார்:

"நீ எப்பய்யா வந்த?"

ஒரு காரின் ஓசை மேம்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேறு எங்கே கிடைக்கும்?